உப்புக் கிண்ணத்தை இடம் மாற்றினேன்

அப்பாவுக்கு ரத்தக் கொதிப்பு. உப்பைக் குறைக்கச் சொல்லிவிட்டார் டாக்டர். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே. ஒரு டீஸ்பூன்கூட முழுசாக இல்லை. ஊறுகாய் இல்லாமல் மோர் சாதம் இறங்காத மனிதரிடம் தினமும் "உப்பு வேண்டாம்ப்பா" என்றால் கோபம்தான் வரும்.

அதனால் சொல்வதை விட்டுவிட்டுப் பொருட்களை நகர்த்தினேன். சாப்பாட்டு மேசையில் இருந்த உப்புக் கிண்ணம் சமையலறை மேல்தட்டுக்குப் போனது. அந்த இடத்தில் எலுமிச்சைத் துண்டும் மிளகுப்பொடியும். ஊறுகாய் ஜாடிக்குள் குட்டி ஸ்பூன். கேட்டால் உப்பை எடுத்துத் தருவேன். தடை எதுவும் இல்லை, அதுதான் முக்கியம். கைக்கு எட்டுவதைப் போட்டுக்கொள்வோம், எழுந்து போக வேண்டுமென்றால் பாதி நேரம் "சரி, இருக்கட்டும்" என்று விட்டுவிடுவோம். அர்ஜென்டினாவின் புவெனஸ் ஐரிஸ் மாகாணத்தில் 2011-இல் உணவகங்களில் செய்ததும் இதேதான்: மேசையில் உப்புக் குப்பி இருக்காது, கேட்டால் வரும்.

குழம்பில் உப்பை அம்மா கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். ஒரேயடியாகக் குறைத்தால் நாக்கு கண்டுபிடித்துவிடும். இப்போது ஹோட்டல் சாம்பாரே அப்பாவுக்கு உப்புக் கரிக்கிறது. மாத்திரையை மட்டும் நிறுத்தவில்லை, அது டாக்டர் சொன்னபடி தொடர்கிறது.