டிவியிலிருந்து ஹோம் தியேட்டருக்கு எந்த வயர் போடலாம்?

அனலாகா டிஜிட்டலா என்று குழம்புவதற்கு முன்னால் ஒன்று: ஸ்பீக்கருக்குப் போய்ச் சேரும்போது எல்லாமே அனலாக்தான். டிஜிட்டலாக வரும் ஒலியை எந்தப் பெட்டி மாற்றப் போகிறது, டிவியா ஆம்ப்ளிஃபயரா என்பதைத்தான் நாம் முடிவு செய்கிறோம். டிவி கம்பெனிகள் காசைப் படத்துக்குத்தான் செலவழிக்கும், உள்ளே இருக்கும் டிஏசி (டிஜிட்டலை அனலாக் ஆக்கும் சிப்) பெரும்பாலும் பேருக்கு இருப்பது, அதனால் ஆம்ப்பில் டிஜிட்டல் இன்புட் இருந்தால் அந்த வேலையை அதனிடமே விட்டுவிடுங்கள்.

டார்ச்சை எடுத்துக்கொண்டு இரண்டின் பின்பக்கத்தையும் பாருங்கள். டிவியின் எச்டிஎம்ஐ போர்ட்டுகளில் பெரும்பாலும் ஒன்றில் மட்டும் ஆர்க் (ARC) அல்லது இ-ஆர்க் (eARC) என்று எழுதியிருக்கும், டிவியின் ஒலியை ஆம்ப்புக்கு அனுப்பும் வழி அது. ஆம்ப்பிலும் அது இருந்தால் வேறு யோசனையே வேண்டாம், அதிலிருந்து அதற்கு ஒரு எச்டிஎம்ஐ வயர், டிவி ரிமோட்டிலேயே சத்தத்தைக் கூட்டலாம் குறைக்கலாம். இதற்கு சிஇசி, அதாவது எச்டிஎம்ஐ வழியாக ஒரு கருவி இன்னொன்றைக் கட்டுப்படுத்தும் வசதி, ஆனில் இருக்க வேண்டும், அதை சாம்சங் எனிநெட் பிளஸ் என்றும் எல்ஜி சிம்ப்லிங்க் என்றும் செட்டிங்கில் வேறு பெயரில் வைத்திருக்கும். ஓடிடி படங்களுக்கு ஆர்க் போதும். ப்ளூரே டிஸ்க்கில் இருக்கும் ட்ரூஎச்டி என்ற தரம் குறையாத ஒலியை டிவி வழியாக அனுப்ப வேண்டுமென்றால்தான் இ-ஆர்க்.

இல்லையா, அடுத்தது ஆப்டிகல், ஒலியை வெளிச்சமாக அனுப்பும் வயர். 1983-இல் தோஷிபா கொண்டுவந்த சங்கதி, 5.1 (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்) ஒலியைச் சுருக்கி அனுப்பும் டால்பி டிஜிட்டலும் டிடிஎஸ்ஸும் தாராளமாகப் போகும், மேலிருந்தும் ஒலி கேட்க வைக்கும் அட்மாஸ் போகாது. முனையில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் மூடியைக் கழற்றாமல் செருகிவிட்டு சத்தம் வரவில்லை என்று புலம்புகிறவர்கள் நிறைய. டிவி பக்கம் செருகி ஆன் செய்து, மறுமுனையில் சிவப்பு வெளிச்சம் தெரிகிறதா பாருங்கள், தெரிந்தால் பெரும்பாலும் வயரில் கோளாறு இல்லை. கோஆக்சியல் என்று இருந்தால் அதிலும் போவது இதே சிக்னல்தான், ஒற்றை ஆர்சிஏ பின்னில் (சிவப்பு-வெள்ளை வயரில் இருக்கும் அதே வகை பின்).

இனிதான் பலரும் மாட்டும் இடம். கடைகளில் விலை குறைவாகக் கிடைக்கும் 5.1 ஆம்ப் பலவற்றில் பின்னால் ஆறு ஆர்சிஏ இன்புட் இருக்கும், டால்பியை ஆறு சேனலாகப் பிரிக்கும் டீகோடர் இருக்காது. டிவியின் சிவப்பு-வெள்ளை வயரைக் கொண்டுவந்து கொடுத்தால் பின் ஸ்பீக்கரிலும் சத்தம் கேட்கும், சந்தோஷப்படாதீர்கள், இரண்டு சேனலைத்தான் எல்லா ஸ்பீக்கருக்கும் பங்கு போட்டுக் கொடுக்கிறது. சரி, ஆப்டிகலை ஆர்சிஏ ஆக்கும் குட்டி கன்வெர்ட்டர் வாங்கலாம் என்றால் அதிலும் வருவது ஸ்டீரியோ மட்டுமே. கேட்டு வாங்க வேண்டியது, ஆப்டிகல் உள்ளே போய் ஆறு ஆர்சிஏ வெளியே வரும் 5.1 டீகோடர், அது டால்பியையும் டிடிஎஸ்ஸையும் பிரிக்குமா என்று பெட்டியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் டிவி செட்டிங்கில் டிஜிட்டல் ஆடியோ அவுட்: டீகோடர் இருந்தால் பிட்ஸ்ட்ரீம் (டால்பியை அப்படியே அனுப்பும்) அல்லது ஆட்டோ, இல்லாவிட்டால் பிசிஎம் (டிவியே பிரித்து ஸ்டீரியோவாக அனுப்பும்). டீகோடர் இல்லாமல் பிட்ஸ்ட்ரீமில் வைத்தால் ஒன்று சத்தமே வராது, இல்லை கர்ரென்று இரைச்சல் வரும்.

அனலாக் ஒன்றுக்கும் உதவாதது என்று சொல்ல மாட்டேன். ரெக்கார்டு பிளேயர், பழைய டேப் டெக், ஸ்டீரியோ ஆம்ப் வைத்திருப்பவர்களுக்கு நல்ல ஆர்சிஏ வயர் ஒன்று, முடிந்த அளவு நீளம் குறைவாக, போதும். படம் நின்றாலும் ஸ்பீக்கரில் உம்ம்ம் என்று ஒரு ரீங்காரம் ஓடிக்கொண்டே இருந்தால் அது பெரும்பாலும் எர்த் பிரச்சினை. செட்-டாப் பாக்ஸுக்கு வரும் கேபிளைக் கழற்றிப் பாருங்கள், நின்றுவிட்டால் அது அந்த வழியாகத்தான் வருகிறது. டிவிக்கும் ஆம்ப்புக்கும் நடுவே ஆப்டிகலுக்கு மாறினால் ரீங்காரம் போய்விடும், ஏனென்றால் அந்த வயரில் மின்சாரமே ஓடுவதில்லை. ஆம்ப்பின் எர்த் பின்னை மட்டும் பிடுங்கிவிடாதீர்கள், ஷாக் அடிக்கும்.

வயர் விலை? ஆப்டிகல் வயரின் முனைக்குத் தங்க முலாம் பூசி விற்கிறார்கள், உள்ளே போவது வெளிச்சம். இரண்டு மூன்று மீட்டர் தூரத்துக்கு இருப்பதிலேயே சாதாரணமானதை வாங்குங்கள், வளைக்கும்போது மடங்காமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.