சைபர் செக்யூரிட்டி படிக்க ஆரம்பிக்கிறவர்கள் சறுக்கும் இடங்கள்

சைபர் செக்யூரிட்டி படிக்கலாம் என்று முடிவெடுத்ததும் நிறையப் பேர் செய்யும் முதல் வேலை, ஹேக்கிங் டூல்களோடு வரும் காளி லினக்ஸ் என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தை இறக்கி லேப்டாப்பில் போடுவது. கறுப்புத் திரை, டிராகன் படம், நூற்றுக்கணக்கான டூல்கள், பார்க்கக் கெத்தாகத்தான் இருக்கும். ஆனால் அதை உருவாக்குகிறவர்களே, லினக்ஸ் பழக்கமில்லாதவர்கள் இதில் ஆரம்பிக்க வேண்டாம் என்று தங்கள் ஆவணத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். அது ஏற்கெனவே வேலை தெரிந்தவர்களுக்கான சிஸ்டம். 2020 ஜனவரியில் வந்த பதிப்புக்கு முன்புவரை உள்ளே நுழைந்தாலே எல்லா அதிகாரமும் உள்ள ரூட் கணக்குதான், ஒரு கமாண்டைத் தப்பாக அடித்தால் தடுக்க எதுவும் கிடையாது. முதலில் உபுண்டு, டெபியன் மாதிரி சாதாரண லினக்ஸ் ஒன்றைப் போட்டு, ஃபைல் அனுமதிகள் எப்படி வேலை செய்கின்றன, ஒரு புரோகிராம் எந்தப் பயனரின் பெயரில் ஓடுகிறது, நடந்ததைப் பதிவு செய்யும் லாக் எங்கே போய் விழுகிறது என்று பழகுங்கள். ஓவர்தவயர் தளத்தில் பேண்டிட் என்று ஓர் இலவச விளையாட்டு இருக்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் அடுத்த கட்டத்துக்கான பாஸ்வேர்டைத் தேடி எடுக்க வேண்டும். பாதி தாண்டுவதற்குள் கமாண்டுகள் கைக்கு வந்துவிடும்.

அடுத்த சறுக்கல் இதைவிடப் பெரியது: டூல் சொல்வதை அப்படியே நம்புவது, அது ஏன் அப்படிச் சொல்கிறது என்று கேட்காமலே. நெட்வொர்க்கை ஸ்கேன் செய்யும் என்மேப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கணினியை ஸ்கேன் செய்தால் சில போர்ட் (சர்வீஸ்கள் பேசும் எண் போட்ட வாசல்) 'ஓப்பன்', சில 'க்ளோஸ்டு', சில 'ஃபில்டர்டு' என்று வருகிறது. இந்த மூன்றுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால், ஆறு மாதம் கோர்ஸ் போனவர்கள்கூட முழிப்பார்கள். விஷயம் ஒன்றும் பெரிதில்லை. என்மேப் அந்தப் போர்ட்டுக்கு, இணைப்புக் கேட்கும் ஒரு சின் பாக்கெட் அனுப்புகிறது. பதிலுக்குச் சம்மதம் சொல்லும் சின்-அக் வந்தால் அங்கே ஏதோ ஒரு சர்வீஸ் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறது, அது ஓப்பன். மறுப்பாக ரீசெட் வந்தால் கணினி இருக்கிறது, அந்தப் போர்ட்டில் ஆள் இல்லை, அது க்ளோஸ்டு. எந்தப் பதிலுமே வராமல் போனால் நடுவில் ஒரு ஃபயர்வால் பாக்கெட்டை விழுங்கியிருக்க வாய்ப்பு அதிகம், அதுதான் ஃபில்டர்டு. பக்கத்தில், போகிற வருகிற பாக்கெட்டுகளைக் காட்டும் வயர்ஷார்க்கைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரே ஒரு போர்ட்டை மட்டும் ஸ்கேன் செய்து பாருங்கள், இது அத்தனையும் கண்ணெதிரே வரிசையாக ஓடும். டிசிபி, டிஎன்எஸ், ஹெச்டிடிபி என்ற நெட்வொர்க் விதிமுறைகள் மூன்றையும் இப்படிப் பாக்கெட்டாகப் பார்த்தவருக்கு அப்புறம் எந்த டூலும் மந்திரமாகத் தெரியாது.

ஸ்கேன் என்றதும் சொல்லியாக வேண்டிய ஒன்று. பழகுவதற்காகத்தானே என்று படிக்கும் கல்லூரியின் வெப்சைட்டிலோ பக்கத்து வீட்டு வைஃபையிலோ கை வைக்காதீர்கள். இந்தியாவின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, 43ஆம் பிரிவில், உரிமையாளரின் அனுமதியில்லாமல் அவருடைய கணினிக்குள் நுழைவதைக் குறிப்பிட்டுச் சொல்கிறது. அதையே மோசடி நோக்கத்தோடு செய்தால் 66ஆம் பிரிவு: மூன்று ஆண்டு வரை சிறை, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். "சும்மா பார்த்தேன் சார்" என்பது ஸ்டேஷனில் எடுபடாது. பழக இடமா இல்லை? கணினிக்குள்ளேயே இன்னொரு கணினியை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸில் மெட்டாஸ்ப்ளாய்ட்டபிளை ஏற்றிக்கொள்ளுங்கள், ஓட்டைகளோடு வேண்டுமென்றே செய்து கொடுத்தது அது. ஆனால் நெட்வொர்க் செட்டிங்கில் 'ஹோஸ்ட் ஒன்லி' என்று வையுங்கள். 'பிரிட்ஜ்டு' என்று விட்டால் அத்தனை ஓட்டையோடும் அது உங்கள் வீட்டு நெட்வொர்க்கில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அடிப்படைப் பாடத்திலேயே குழம்பும் இடம் ஒன்று உண்டு: என்கோடிங், என்கிரிப்ஷன், ஹாஷிங். மூன்றையும் ஒன்றாக நினைத்து "பாஸ்வேர்டை பேஸ்64-இல் என்கிரிப்ட் பண்ணியிருக்கேன்" என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பேஸ்64 வெறும் என்கோடிங், அதற்குச் சாவியே கிடையாது, யார் வேண்டுமானாலும் ஒரு நொடியில் பழைய எழுத்தை எடுத்துவிடலாம். என்கிரிப்ஷனில் சாவி உள்ளவர் மட்டும் திருப்பலாம். ஹாஷ் திரும்பி வரவே கூடாது, பாஸ்வேர்டைச் சேமிக்க வேண்டிய முறை அதுதான். அதிலும் வெறும் ஹாஷ் போதாது. 2012இல் லிங்க்டுஇன்னிலிருந்து திருடு போன பாஸ்வேர்டுகள் ஹாஷ் செய்யப்பட்டவைதான், ஆனால் ஷா-1 என்ற ஹாஷ் முறை, அதுவும் சால்ட் (ஒவ்வொரு பாஸ்வேர்டோடும் கலக்கும் தனித்தனி எழுத்துகள்) சேர்க்காமல். சால்ட் இல்லையென்றால் ஒரே பாஸ்வேர்டு வைத்த ஆயிரம் பேருக்கும் ஒரே ஹாஷ், ஒன்றை உடைத்தால் ஆயிரமும் போச்சு. ஷா-1 வேறு வேகமாகக் கணக்குப் போடுவது, ஊகித்துப் பார்க்கிறவனுக்கு அது வசதி. பாஸ்வேர்டுக்கான ஹாஷ் முறைகளான பிக்ரிப்ட், ஆர்கான்2 எல்லாம் வேண்டுமென்றே மெதுவாக ஓடுவதன் காரணம் இதுதான்.

தாக்குவது மட்டும்தான் செக்யூரிட்டி என்ற நினைப்பும் ஒட்டிக்கொள்கிறது. யாருக்கும் தெரியாத ஓட்டையைக் கண்டுபிடித்துத்தான் எல்லோரும் உள்ளே வருகிறார்கள் என்ற கற்பனை. 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற, ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ் பிரிட்டன் மருத்துவமனைகளை முடக்கியபோது, அது நுழைந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே பேட்ச் (ஓட்டையை அடைக்கும் அப்டேட்) கொடுத்திருந்தது. இரண்டு மாதம் கழித்தும் அதைப் போடாத கணினிகள்தான் மாட்டின. அங்கே முதல் பிரச்சினை ரகசியம் வெளியே போனதுகூட இல்லை, நோயாளியின் விவரத்தைத் திறக்க முடியாமல் போனது. பாடத்தில் 'அவெய்லபிலிட்டி' என்று ஒரு வரியில் கடந்து போவார்களே, அதுதான் இது. பேக்கப் எடுப்பதும் எடுத்த பேக்கப் திரும்ப வருகிறதா என்று சோதிப்பதும் போரடிக்கிற வேலைதான், என்ன செய்ய.

வெப் பக்கம் போகிறவர்கள் ஸ்கேனரை ஓட விட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறார்கள். வெப் ஓட்டைகளை வரிசைப்படுத்தும் ஓவாஸ்ப் அமைப்பின் 2021 பட்டியலில் முதலிடம் அனுமதிக் கட்டுப்பாட்டுக் கோளாறுக்கு, 2017இல் முதலிடத்தில் இருந்த இன்ஜெக்ஷன் (உள்ளீட்டில் கமாண்டைக் கலந்து அனுப்புவது) மூன்றாவதாக இறங்கிவிட்டது. முகவரியில் ஆர்டர் எண் 1041 என்று இருப்பதை 1042 என்று மாற்றினால் இன்னொருவருடைய பில் திறக்கிறது என்றால், ஸ்கேனருக்கு அது வழக்கமான பக்கம் போலத்தான் தெரியும், ஏனென்றால் அந்தப் பில் யாருடையது என்று அதற்குத் தெரியாது. மனுஷன் யோசித்தால்தான் பிடிபடும். போர்ட்ஸ்விக்கரின் வெப் செக்யூரிட்டி அகாடமியில் இதற்கான பயிற்சிகள் இலவசமாகவே இருக்கின்றன.

சர்டிஃபிகேட் வாங்குங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை, ரெஸ்யூமே முதல்கட்ட வடிகட்டலைத் தாண்ட உதவும். ஆனால் புதியவர்களை அதிகம் எடுப்பது, தாக்குதல் நடக்கிறதா என்று லாக்குகளைப் பார்க்கும் கண்காணிப்பு மையங்களில்தான், அங்கே நேர்முகத்தில் விண்டோஸ் லாக்கைக் காட்டி இப்படிக் கேட்கலாம்: ஒரே ஐபியிலிருந்து 4625 என்ற நிகழ்வு எண் தொடர்ந்து இருநூறு தடவை, அப்புறம் ஒரே ஒரு 4624, என்ன நடந்திருக்கிறது? முதலாவது தோற்றுப்போன லாகின், இரண்டாவது வெற்றி பெற்றது. இவ்வளவு சொல்லி நிறுத்தினால் பாதி மார்க்தான். எந்தக் கணக்கு, எத்தனை கணக்குகளை முயன்றிருக்கிறான், உள்ளே வந்தபின் என்ன செய்தான், இப்போது முதலில் எதை முடக்குவீர்கள் என்பதுதான் மீதி.