லேபிளை நம்பாதீர்கள், அரக்கைப் படியுங்கள்: பழைய இசைத்தட்டு வாங்குபவர்களுக்கு

நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய அரக்கு இசைத்தட்டில் ஆண்டு அச்சிட்டிருப்பது அபூர்வம். "நூறு வருஷத்துப் பிளேட்டு சார்" என்று கடைக்காரர் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்தியாவில் இந்தத் தட்டுகள் 1960களின் பிற்பகுதியிலும் வந்துகொண்டிருந்தன. டி.எம். சௌந்தரராஜனின் சினிமாப் பாட்டுகள் இவற்றில் ஏராளம். வயதைக் கணிக்க லேபிளையும், அதைச் சுற்றி ஒலிப் பள்ளமில்லாமல் விட்டிருக்கும் அரக்கு வளையத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இரண்டும் முரண்பட்டால் அரக்கு சொல்வதே சரி. பழைய பதிவுக்குப் புது லேபிள் ஒட்டி மறுபடி விற்றிருப்பார்கள். அரக்கில் பொறித்த பதிவு எண் மட்டும் மாறாது.

மதுரை வட்டாரத்தில் தட்டுகள் வந்து சேரும் வழி முக்கியமாக இரண்டு. ஒன்று, மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்துப் பழைய மைக்செட்காரர்கள். கல்யாணம், காதுகுத்து, முளைப்பாரி என்று ஓடித் தேய்ந்த தட்டுகள் இவை. லேபிளின் மேலேயே பெயின்டில் வரிசை எண்ணும் ரப்பர் ஸ்டாம்பும் இருக்கும். மற்றொன்று செட்டிநாட்டு வீடுகள். அங்கிருந்து கழிபவை காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளுக்கு வருகின்றன. தேய்மானம் குறைவாக இருக்கும், ஆனால் படுக்கையாக அடுக்கிக் கிடந்ததில் வளைந்திருக்கும். லேபிள் ஓரத்தில் ரங்கூன், பினாங்குக் கடைகளின் சின்ன ஸ்டிக்கர் இருந்தால் கிழிக்க வேண்டாம், அதுவும் ஒரு சான்று.

காசு கொடுக்கும் முன் தட்டை வெயிலில் சாய்த்துப் பாருங்கள். கறுப்பு மினுமினுப்பு இருந்தால் நல்லது. பள்ளங்கள் சாம்பல் பூத்திருந்தால், குறிப்பாகப் பாடகர் உச்சத்துக்குப் போகும் இடங்களிலும் உள்வட்டத்திலும், இரும்பு ஊசி சுவரைத் தின்றுவிட்டது என்று பொருள்; எவ்வளவு கழுவினாலும் திரும்பாது. பிறகு நடு ஓட்டையில் விரலை விட்டுத் தொங்கவிட்டு, விளிம்பை விரல் கணுவால் மெல்லத் தட்டுங்கள். நல்ல தட்டு கணீரென்று ஒலிக்கும், விரிசல் விட்டது சொத்தென்று கேட்கும். ஒரே நாடகத்தைப் பல தட்டுகளில் பதித்த நாடக செட் வாங்கினால் எல்லாப் பாகங்களும் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். மூன்றாம் பாகம் மட்டும் பிறகு கிடைக்கும் என்பது வெறும் ஆசைதான்.

இனி லேபிள். முதலில் தட்டு எங்கே அச்சானது என்று பாருங்கள். கிராமபோன் கம்பெனி இந்தியாவில் 1902இல் பதிவு தொடங்கியபோது தட்டுகளை ஜெர்மனியின் ஹானோவரில்தான் அச்சிட்டது. 1908இல் கல்கத்தா சியால்டாவில் ஆலை வந்தது. 1920களின் கடைசியில் அது டம்டம்முக்கு மாறியது. ஆகவே லேபிளில் டம்டம் என்றிருந்தால், அந்தப் பிரதி அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. உள்ளே இருக்கும் பாட்டு முந்தியதாக இருக்கலாம்.

மிகப் பழைய கிராமபோன் தட்டுகளின் லேபிள் எண்களில் ஒரு கணக்கு உண்டு. கீழை நாட்டு வரிசையில் 12000 என்றால் ஆண் குரல், 13000 என்றால் பெண் குரல். வரிசை தீர்ந்ததும் முன்னால் ஓர் எண்ணும் சிறுகோடும் சேர்த்தார்கள்: 8-13 என்று தொடங்கினாலும் பெண் குரல்தான். எண்ணின் முதலில் பூஜ்யம் இருந்தால் 12 அங்குலத் தட்டு. இரட்டைப் பக்கத் தட்டுகளில் பி (P) வரிசை முந்தியது, என் (N) வரிசை பிந்தியது. எஃப்.டி. (FT) என்றால் அதே கம்பெனியின் மலிவு லேபிளான ட்வின். ஜி.இ. என்றால் கொலம்பியா. 1931இல் கொலம்பியாவும் கிராமபோன் கம்பெனியும் இ.எம்.ஐ. ஆக இணைந்தன, ஓடியனும் அதே குடும்பத்துக்குள் வந்தது. அதனால் ஒரே பதிவு வேறு லேபிளில் வந்திருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

பெயரில் கவனம் தேவை. கலைஞர்கள் ஊர்ப் பெயரோடுதான் அறியப்பட்டார்கள், எம்.எஸ். சுப்புலட்சுமியின் 'எம்' மதுரைதான். வெள்ளைக்காரன் காலத்து ஆங்கில எழுத்தில் மதுரை 'மதுரா' ஆகியிருக்கும், ராகப் பெயர்கள் இன்னும் கண்டபடி. பட்டியலில் தேடும்போது எல்லா வடிவங்களையும் போட்டுப் பாருங்கள்.

அரக்கில் பொறித்த எண்ணைப் படிக்க, இருட்டறையில் செல்போன் டார்ச்சைத் தட்டோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடியுங்கள். சில தட்டுகளில் எண் லேபிள் தாளுக்கு அடியில் பதிந்திருக்கும். மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் லேசாகத் தேய்த்தால் எழும். சாக்பீஸ் பொடி போட வேண்டாம், பள்ளத்தில் போய் அடைத்துக்கொள்ளும். கிராமபோன் கம்பெனியின் முக்கிய லேபிள் எச்.எம்.வி.; இ.எம்.ஐ. காலத்து அதன் பதிவு எண்ணில் (லேபிள் எண்ணில் அல்ல) முதல் இலக்கம் 0 என்றால் 10 அங்குலம், 2 என்றால் 12. கடைசியில் சிறுகோட்டுக்குப் பின் வரும் 1, 2 எத்தனையாவது முறை பாடியது என்பதைக் காட்டும். லேபிள் ஒன்றாக இருந்தும் இந்த இலக்கம் வேறானால் கேட்பது அதே பாட்டை வேறு முறை பாடிய பதிவு, இரண்டையும் வைத்துக்கொள்ளலாம்.

எண்ணுக்குப் பின் சின்ன முக்கோணம் தெரிந்தால் மைக் வைத்துச் செய்த வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் முறைப் பதிவு. அந்த முறை 1925இல் வந்தது. சதுரம் என்றால் 1931க்குப் பிந்திய இ.எம்.ஐ. முறை. கொலம்பியாவில் இவற்றுக்குப் பதில் வட்டத்துக்குள் டபிள்யூ, வட்டத்துக்குள் சி. எச்.எம்.வி. தட்டில் பதிவு எண்ணுக்கு வலப்பக்கம் தனியாக ஓரிரு எழுத்து இருந்தால் அது தட்டை அழுத்தி எடுக்கும் அச்சுத் தகட்டின் எண்: ஜி 1, ஆர் 2, ஏ 3, எம் 4, ஓ 5, பி (P) 6, எச் 7, எல் 8, தலையில் கோடு போட்ட டி 9, வயிறு வைத்த டி 0. ஆர்எம் என்றால் 24ஆவது தகடு. இங்கிலாந்து ஹேய்ஸ் ஆலையின் வழக்கம் இது. எண் சிறிதானால் முந்திய அச்சு, அவ்வளவே. விலையை ஏற்ற இதை யாரும் காட்டினால் சிரித்துவிட்டு வாருங்கள்.

கழுவும்போது ஸ்பிரிட், சானிடைசர், கண்ணாடி துடைக்கும் திரவம் எதையும் தொடக் கூடாது. தச்சர்கள் பாலிஷுக்கு அரக்கை ஸ்பிரிட்டில்தானே கரைக்கிறார்கள்? தட்டும் அப்படியே கரையும். மதுரை போர்த் தண்ணீர் காய்ந்தால் உப்புப் படியும். பேட்டரிக் கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டர் ஒரு லிட்டரில் இரண்டு சொட்டுப் பாத்திர சோப்புத் திரவம் போதும். மென்மையான பிரஷ்ஷால் பள்ளத்தின் போக்கிலேயே வட்டமாகத் தேய்த்து, வெறும் டிஸ்டில்டு வாட்டரால் அலசி, நிழலில் நிறுத்தி உலர்த்துங்கள். லேபிள் நனையக் கூடாது. ஊற வைக்கவும் கூடாது. கொலம்பியாத் தட்டுகள் பல உள்ளே தாள் வைத்தவை; விளிம்பு உடைந்த இடத்தில் தண்ணீர் புகுந்தால் உப்பிவிடும்.

தாள் உறையில் போட்டு நேராக நிறுத்தி வையுங்கள். பிளாஸ்டிக் உறைக்குள் ஐப்பசி மழையில் பூஞ்சை வெள்ளையாகப் பூக்கும். சித்திரை வெயிலில் மூடிய காரில் விட்ட தட்டு கிண்ணமாக வளையும்.

ஒலிக்க 3 மில் (அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு) முனையுள்ள ஊசி வேண்டும். பிந்திய எல்.பி. வினைல் தட்டுக்கான ஊசி பள்ளத்தின் அடியில் உரசி இரைச்சலைத்தான் தரும். சாவி கொடுக்கும் பெட்டியானால் ஒரு பக்கத்துக்கு ஓர் இரும்பு ஊசி. முனை மழுங்கிய ஊசியே தட்டைக் கொல்கிறது. பழைய பதிவுகளில் வேகம் சரியாக 78 இருக்காது, கொலம்பியா லேபிள்களில் 80 என்றே போட்டிருப்பதுண்டு. வேகம் பார்க்க 77 கோடுள்ள வட்ட அட்டையைத் தட்டின் மேல் வைத்துச் சுழலவிடுங்கள். நம் 50 ஹெர்ட்ஸ் கரண்ட் விளக்கின் கீழ் கோடுகள் நின்றாற்போல் தெரிந்தால் வேகம் 77.92. இதற்கு எல்.இ.டி. பல்பு பெரும்பாலும் உதவாது. பழைய சோக் வைத்த டியூப்லைட்டின் கீழ் பாருங்கள்.