இங்கிலாந்தில் சர்ச்சுப் பள்ளி: மதுரையிலிருந்து போகும் பெற்றோருக்கு

நர்ஸ் வேலை, ஐ.டி. வேலை என்று மதுரைப் பக்கமிருந்து இங்கிலாந்து போய் இறங்கும் குடும்பங்களுக்கு, வீடு கிடைத்ததும் அடுத்த தலைவலி பள்ளிக்கூடம். நான் சில வருடம் அங்கே இருந்துவிட்டு ஊருக்கே திரும்பிவிட்டதால், கிளம்புகிறவர்களும் போய்ச் சேர்ந்தவர்களும் என்னிடம் கேட்பது பெரும்பாலும் இதைத்தான்: "பக்கத்துப் பள்ளிக்கூடம் 'சி ஆஃப் இ'னு (சர்ச் ஆஃப் இங்கிலாந்து, அதாவது இங்கிலாந்து திருச்சபை) போட்டிருக்கு. சேர்க்கலாமா?"

சேர்க்கலாம். அங்கே அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று மதம் சார்ந்தது. அதில் பெரும்பங்கு இங்கிலாந்து திருச்சபையுடையது, அடுத்தது கத்தோலிக்கப் பள்ளிகள். நம்மூர் கான்வென்ட் நினைப்பில் கட்டணத்துக்குப் பயப்பட வேண்டாம். கல்விக் கட்டணம் கிடையாது. சில பள்ளிகள் கட்டிட நிதி என்று விருப்ப நன்கொடை கேட்டுக் கடிதம் அனுப்பும். கொடுக்காவிட்டால் இடம் போய்விடாது.

திருச்சபை 1811-இல் பள்ளிகளுக்கென்று ஒரு சங்கம் தொடங்கியதே ஏழைப் பிள்ளைகளுக்காகத்தான். 1834-இல் மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷன்காரர்களும் பள்ளிக்கூடம் நடத்தியவர்களே என்பதால், நமக்கு இந்த வழி ஒன்றும் அந்நியமில்லை. மதுரையின் கிறிஸ்தவப் பள்ளிகளான செயின்ட் மேரீஸிலும் கேப்ரன் ஹாலிலும் படித்த இந்து, முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளைகள் எத்தனை பேர்!

இப்போது 'விஷன்' விஷயத்துக்கு வருவோம், அதாவது பள்ளி தன் நோக்கமாக எழுதி வைத்திருப்பது. சர்ச்சுப் பள்ளியின் இணையதளத்தைத் திறந்தால் ஒரு பைபிள் வசனமும் அதையொட்டி இரண்டு வரியும் இருக்கும். நிறையப் பள்ளிகள் எடுத்துக்கொள்வது யோவான் 10:10, ஜீவன் பரிபூரணப்படுவதைச் சொல்லும் வசனம். சுவர் அலங்காரம் என்று தள்ளிவிடாதீர்கள். ஆஃப்ஸ்டெட் என்ற அரசு ஆய்வு போக, திருச்சபைப் பள்ளிகளுக்கு 'சியாம்ஸ்' என்று தனி ஆய்வு உண்டு. 2023 செப்டம்பரில் வந்த புதிய முறையில் அவர்கள் முதலில் பார்ப்பதே, இந்த விஷன் பிள்ளைகளையும் பெரியவர்களையும் செழிக்க வைக்கிறதா என்பதைத்தான். பெரியவர்கள் என்றால் ஆசிரியர், சமையல்காரர் எல்லாரும். முடிவு ஜே1, ஜே2 என்று வரும். ஜே2 என்றால் பள்ளி சரிசெய்ய வேண்டியது ஏதோ இருக்கிறது. அறிக்கை யாரும் படிக்கலாம், சில பக்கம்தான்.

நம் ஆட்கள் அதைப் படிக்காமல் ரேங்க் தேடுவார்கள். அறிக்கையைவிடவும் நான் நம்புவது, பள்ளியைச் சுற்றிப் பார்க்கப் போகும் நாளில் நீங்கள் கேட்கும் கேள்வியை. "உங்கள் விஷன் என்ன?" என்று கேட்டால் மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். "மேலூரிலிருந்து வந்த பையன், வகுப்பில் இங்கிலீஷ் பேசியதே இல்லை. முதல் வாரம் அவனுக்கு என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். நல்ல பள்ளியில் பதில் சட்டென்று வரும்: கூட உட்கார ஒரு தோழன், படம் போட்ட அட்டைகள், தெரிந்ததைத் தமிழிலேயே முதலில் எழுத விடுவது. ஒருவன் இன்னொருவனை அடித்துவிட்டால் என்ன ஆகும் என்றும் கேளுங்கள். தண்டனையோடு முடிகிறதா, இருவரையும் உட்காரவைத்துப் பேசுகிறார்களா? மன்னிப்பு என்று சுவரில் எழுதியிருந்தால் அது இங்கேதான் தெரிய வேண்டும். அப்புறம், யாழினியின் பெயரைச் சரியாகச் சொல்ல டீச்சர் இரண்டு தடவை முயன்றாரா என்று கவனியுங்கள். ழகரம் வராது, பரவாயில்லை. முயல்கிறாரா என்பதே எனக்குப் போதும்.

உசிலம்பட்டியிலிருந்து அப்பத்தா வாட்ஸப்பில் கேட்பார்: "பேத்திய மதம் மாத்திருவாங்களாய்யா?" அவருக்குச் சொல்ல வேண்டியது இது. தினமும் ஒரு கூட்டு வழிபாடு உண்டு. பிள்ளைகள் ஹாலில் தரையில் சம்மணமிட்டு உட்காருவார்கள், மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள், ஒரு கதை, ஒரு பாட்டு, ஒரு ஜெபம். ஜெபத்தில் சேரலாம், சும்மா அமைதியாகவும் இருக்கலாம் என்று பல பள்ளிகள் சொல்லிவிடும். வேண்டாம் என்றால், வழிபாட்டிலிருந்தும் மதக்கல்வி வகுப்பிலிருந்தும் பிள்ளையை விலக்கிக்கொள்ளப் பெற்றோருக்குச் சட்ட உரிமை இருக்கிறது. காரணம் சொல்லத் தேவையில்லை. ஆனால் அவசரப்பட்டுக் கடிதம் எழுத வேண்டாம் என்பேன். மதக்கல்வி வகுப்பில் இந்து, இஸ்லாம் பற்றியும் சொல்லிக்கொடுப்பார்கள். தீபாவளி வரும்போது உங்கள் பிள்ளைதான் அன்றைக்கு நிபுணர்.

சேர்க்கையில் ஒரு நுணுக்கம். 'வாலண்டரி கன்ட்ரோல்டு' பள்ளி என்றால் சேர்க்கை விதி கவுன்சிலுடையது, அதாவது உள்ளாட்சி மன்றத்துடையது. 'வாலண்டரி எய்டட்' என்றால் பள்ளி நிர்வாகக் குழுவுடையது. இந்த எய்டட் பள்ளிகள், இடத்துக்கு மேல் விண்ணப்பம் வந்தால் சர்ச்சுக்குப் போகும் குடும்பங்களுக்கு முன்னுரிமை தரலாம், அதற்குத் தனிப் படிவம் கேட்கலாம். ஆகவே கத்தோலிக்கக் குடும்பங்கள் விமானம் ஏறுமுன் பங்கு அலுவலகத்தில் திருமுழுக்குச் சான்றிதழ் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பங்கள் ஞானஸ்நானச் சான்றோடு சபைப் போதகரான ஐயரிடம் ஒரு கடிதமும் வாங்குங்கள். 1947-இல் உருவான சி.எஸ்.ஐ.யும் இங்கிலாந்து திருச்சபை இருக்கும் அதே ஆங்கிலிக்கன் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் என்பது அங்கே பல பள்ளி அலுவலகங்களுக்குத் தெரியாது, பொறுமையாகச் சொல்லுங்கள். செப்டம்பரில் ரிசெப்ஷன் வகுப்பில் (ஒன்றாம் வகுப்புக்கு முந்தைய வகுப்பு) சேர ஜனவரி 15-க்குள் விண்ணப்பிக்க வேண்டும். உயர்நிலைக்கு முந்தைய அக்டோபர் 31. வருட நடுவில் போய் இறங்கினால் கவுன்சிலையோ பள்ளியையோ நேரடியாகக் கேட்க வேண்டியதுதான்.

சாப்பாடு: ரிசெப்ஷன் முதல் இரண்டாம் வகுப்புவரை மதிய உணவு இலவசம். மாட்டிறைச்சி வேண்டாம், சைவம் மட்டும் என்பதையெல்லாம் முதல் நாளே அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். இலையுதிர் காலத்தில் அறுவடைத் திருவிழாவுக்கு உணவுப் பொருள் கொண்டுவரச் சொல்வார்கள், ஏழைக் குடும்பங்களுக்குப் போகும். அரிசி மூட்டையெல்லாம் தூக்கிக்கொண்டு போக வேண்டாம், இரண்டு டின் கொண்டைக்கடலை போதும்.