கம்ப்யூட்டர் ஆன் ஆகிறது, திரையில் ஒன்றும் வரவில்லையா?

பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, ஆனால் மானிட்டர் கறுப்பாகவே இருக்கிறது என்றால், மதர்போர்டே (எல்லாப் பாகங்களும் இணையும் முக்கியப் பலகை) போய்விட்டது என்று பயப்பட வேண்டாம். பழைய டெஸ்க்டாப்களில் பல நேரம் ரேம்தான், அதாவது மதர்போர்டில் செருகியிருக்கும் நீளமான மெமரி அட்டைதான், காரணம்.

முதலில் மானிட்டர் கேபிளை இரண்டு முனையிலும் அழுத்திப் பாருங்கள். தனி கிராபிக்ஸ் கார்டு (திரைக்குப் படம் அனுப்பும் அட்டை) இருந்தால் கேபிளை அதில்தான் செருக வேண்டும், மதர்போர்டில் அல்ல. அது சரியாக இருந்தால், சுவிட்சை அணைத்து பிளக்கையும் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைச் சில விநாடிகள் அழுத்திப் பிடியுங்கள். உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். அப்புறம் கேபினட்டைத் திறந்து, உடலிலுள்ள நிலைமின்சாரம் போக அதன் பெயின்ட் இல்லாத இரும்புப் பகுதியை ஒருமுறை தொட்டுவிட்டு, ரேமின் கிளிப்பை விலக்கி வெளியே எடுங்கள். அதன் தங்க நிற விளிம்பைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகள்களைத் துடைத்து, 'கிளிக்' சத்தம் வரும்வரை அழுத்திப் பொருத்துங்கள். இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். எது பழுது என்று தெரிந்துவிடும்.

தேதி, நேரம் அடிக்கடி மாறிப்போனால் மதர்போர்டிலுள்ள வட்ட பேட்டரியையும் மாற்றுங்கள். பெரும்பாலும் அது 3 வோல்ட் சிஆர்2032. பவர் சப்ளை பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெப்பாசிட்டர்களில் ஆபத்தான மின்சாரம் தேங்கியிருக்கலாம்.