ஃபோரத்துக்கு போர்ட்டலா, சிஎம்எஸ்ஸா? ஆட்-ஆன் போடும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வடசென்னையில் ஏரியாவுக்கு ஒரு கால்பந்து டீம், தெருவுக்கு ஒரு கேரம் மன்றம் என்று இருப்பதால், எல்லாரும் ஒரே இடத்தில் பேச ஒரு ஃபோரம் தளம் வைக்கலாமே என்ற எண்ணம் யாருக்காவது வந்துகொண்டேதான் இருக்கிறது. நல்ல எண்ணம். வாட்ஸ்அப் குரூப்பில் போன வருஷத்து ஃபிக்ஸ்சரைத் தேடி எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும், ஃபோரத்தில் அது பத்திரமாக இருக்கும். தளம் ஓடத் தொடங்கிய கொஞ்ச நாளில் அடுத்த ஆசை வரும்: உள்ளே வந்ததும் வெறும் பிரிவுகளின் பட்டியல்தான் தெரிகிறது, செய்தித் தளம் மாதிரி ஒரு முகப்பு வேண்டும். போர்ட்டல் ஆட்-ஆன் (மென்பொருளோடு சேர்த்துப் போடும் கூடுதல் நிரல்) போடுவதா, சிஎம்எஸ் ஆட்-ஆன் போடுவதா என்ற கேள்வி அப்போதுதான் வருகிறது.

இரண்டும் ஒன்றல்ல. போர்ட்டல் என்பது ஃபோரத்தில் ஏற்கெனவே இருப்பதை எடுத்து முகப்பில் கட்டம் கட்டமாகக் காட்டும்: புதிய பதிவுகள், அறிவிப்புகள், வாக்கெடுப்பு, இப்போது யார் யார் ஆன்லைனில் என்பது போல. சிஎம்எஸ், அதாவது உள்ளடக்க மேலாண்மை அமைப்பு, தனக்கென்று கட்டுரை, பக்கம், வகை, வரைவு எல்லாம் வைத்துக்கொள்ளும், தளத்தின் தகவலைச் சேமிக்கும் டேட்டாபேஸில் அதற்குத் தனி டேபிள்கள் (அட்டவணைகள்) இருக்கும்.

எதில் வசதி அதிகம் என்று பார்த்து முடிவெடுப்பதுதான் முதல் தவறு, என் கணக்கில் பெரிய தவறும் அதுதான். கேட்க வேண்டியது வேறு: முகப்புக்கு வாராவாரம் யார் எழுதப் போகிறார்கள்? பெயர் சொல்லி ஒருவரைக் காட்ட முடியவில்லை என்றால் சிஎம்எஸ் பக்கமே போகாதீர்கள். ஆரம்ப உற்சாகத்தில் நாலு கட்டுரை வரும், அப்புறம் வேலை, ஷிஃப்ட், குடும்பம் என்று எழுதுகிறவர் ஒதுங்கிவிடுவார், முகப்பில் ஏப்ரலில் போட்ட "மீன்பிடி தடைக்காலம் தொடங்கியது" ஆகஸ்டிலும் அப்படியே நிற்கும், உள்ளே ஃபோரத்தில் காசிமேட்டு மீன் விலை பற்றி சூடாகப் பேசிக்கொண்டிருப்பார்கள், ஆனால் புதிதாக வருகிறவருக்கு அது தெரியவே தெரியாது. தளம் செத்துவிட்டது என்று நினைத்துத் திரும்பிப் போய்விடுவார். போர்ட்டலில் இந்தப் பிரச்சினை வராது, யாரோ ஒருவர் பதில் போட்டாலே முகப்பும் புதிதாகிவிடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் நேரத்தில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் கலந்ததே, அந்த மாதிரி ஒரு நாளில் மக்கள் நேராக ஃபோரத்தில்தான் எழுதுவார்கள், உட்கார்ந்து கட்டுரை தயார் பண்ண யாருக்கும் நேரம் இருக்காது.

சிஎம்எஸ் வேண்டிய இடமும் உண்டு. மாறாத தகவல் இருக்கிறதே, அதற்கு. தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், டோர்னமென்ட் விதிமுறை, டீம் பதிவு செய்யும் முறை, ஏரியா வரலாறு என்று ஒரு தடவை ஒழுங்காக எழுதினால் வருஷக்கணக்கில் நிற்கும் விஷயங்கள். ஆனால் மொத்தமே ஏழெட்டுப் பக்கம்தான் என்றால் அதற்காக முழு சிஎம்எஸ் ஆட்-ஆன் தேவையா என்று யோசியுங்கள். பூட்டி வைத்த, பிரிவின் உச்சியில் ஒட்டி வைத்த பதிவு ஒன்றே போதும்.

அடுத்தது, கையில் இருப்பதைப் பார்க்காமலே வெளியில் தேடுவது. மைபிபி, எஸ்எம்எஃப், ஜென்ஃபோரோ எல்லாம் ஃபோரம் நடத்தும் மென்பொருள்கள். மைபிபியில் போர்ட்டல் பக்கம் கூடவே வருகிறது. எஸ்எம்எஃப்பில் எஸ்எஸ்ஐ என்ற கோப்பு இருக்கிறது, அதை வைத்துப் புதிய பதிவுகளை பிஎச்பி என்ற நிரல்மொழியில் எழுதிய வேறு எந்தப் பக்கத்திலும் காட்டலாம். ஜென்ஃபோரோவில் 2020-ல் வந்த 2.2 பதிப்பிலிருந்து கட்டுரை வடிவத்திலேயே ஒரு திரியை, அதாவது ஒரு தலைப்பின் கீழ் ஓடும் பேச்சைத் தொடங்க முடியும். இவ்வளவு இருக்க, ஆட்-ஆனுக்குக் காசு கொடுத்துவிட்டு அப்புறம் தெரிந்துகொள்வது வீண் செலவு.

பேச்சைப் பிளக்கிறோம் என்று தெரியாமலே பிளப்பது இன்னொன்று. பல சிஎம்எஸ் ஆட்-ஆன்களில் கட்டுரைக்குக் கீழே தனிக் கருத்துப் பெட்டி இருக்கும். வியாசர்பாடி மேட்ச் பற்றி ஒருவர் கட்டுரை போடுகிறார், அதே மேட்ச் பற்றி ஃபோரத்தில் ஏற்கெனவே திரி ஓடுகிறது, பாதிப் பேர் இங்கே, பாதிப் பேர் அங்கே. உறுப்பினர் கொஞ்சமாக இருக்கிற தளத்தில் இது இரண்டு பக்கத்தையும் காலி பண்ணிவிடும். கட்டுரை வெளியானதும் ஃபோரத்தில் தானாகத் திரி தொடங்கி, கருத்துகளை அங்கேயே வாங்குகிற ஆட்-ஆனாகப் பாருங்கள். வேர்ட்பிரஸ் என்ற சிஎம்எஸ்ஸையும் டிஸ்கோர்ஸ் என்ற ஃபோரம் மென்பொருளையும் இணைக்கும் பிளகின் (ஆட்-ஆன்தான்) இதைத்தான் செய்கிறது. ஜென்ஃபோரோவின் கட்டுரைத் திரியில் இந்தச் சிக்கலுக்கே இடமில்லை, கட்டுரையும் திரியும் அங்கே ஒன்றுதான்.

இப்போது தமிழுக்கு வருவோம், டெமோ பார்க்கும்போது யாரும் கவனிக்காத இடம் இது. டெமோ முழுக்க ஆங்கிலத்தில் இருக்கும், எல்லாம் அழகாகத் தெரியும். யுனிகோடில் ஒரு தமிழ் எழுத்துக்குறி, எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் 3 பைட் எடுக்கும், அதை இணைய முகவரியில் குறியாக்கும்போது ஒவ்வொன்றும் 9 இடம் பிடிக்கும். வியாசர்பாடி என்பதில் உயிர்க்குறி, புள்ளி எல்லாம் சேர்த்து 11 குறிகள், ஆக 99 இடம். வேர்ட்பிரஸ்ஸில் பதிவின் முகவரிப் பெயருக்கு 200 இடம்தான், அதனால் "வியாசர்பாடி கால்பந்து" என்று இரண்டு வார்த்தை வந்ததுமே 181 இடம் போய்விடும், மூன்றாவது வார்த்தை பாதியில் அறுபடும். சில ஆட்-ஆன்கள் இதற்கும் மேலே போய், ஆங்கில எழுத்து இல்லாத தலைப்பை முகவரியிலிருந்து மொத்தமாகத் தூக்கிவிடும். முகவரியை நாமே கையால் ஆங்கில எழுத்தில் கொடுக்க வழி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

முன்னோட்டம் வெட்டுவதும் இதே கதைதான். போர்ட்டல் ஒவ்வொரு பதிவிலும் முதல் கொஞ்சம் எழுத்தை மட்டும் முகப்பில் காட்டும். பைட் கணக்கில் வெட்டுகிற ஆட்-ஆனாக இருந்தால் கடைசி எழுத்து உடைந்து கட்டமாகவோ கேள்விக்குறியாகவோ நிற்கும். குறிக் கணக்கில் வெட்டினாலும் "போட்டி" என்பது வெறும் "ப" என்று முடியலாம், "ர்" புள்ளியை இழந்து "ர" ஆகலாம். வார்த்தை முடிகிற இடத்தில் வெட்டுகிற அமைப்பு இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள். இன்னொரு விஷயம், மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸின் பழைய யுடிஎஃப்8 அமைப்பில் ஒரு குறிக்கு 3 பைட்தான், தமிழ் தப்பித்துவிடும், 4 பைட் எமோஜி தப்பிக்காது. சர்வர் அமைப்பைப் பொறுத்து, சேமிக்கவே முடியாமல் பிழை வரும், இல்லை எமோஜியிலிருந்து மீதிப் பதிவு முழுக்கக் காணாமல் போகும். ஃபோரம் டேபிள்கள் சரியாக இருந்து ஆட்-ஆன் உருவாக்கிய டேபிள்கள் மட்டும் பழைய வகையாக இருப்பதும் உண்டு. டெஸ்ட் பண்ணும்போது நீளமான தமிழ்த் தலைப்பு, நடுவில் எமோஜி, கீழே இரண்டு பத்தி என்று ஒன்று போட்டுப் பாருங்கள், முக்கால்வாசிப் பிரச்சினை அதிலேயே வெளியே வந்துவிடும்.

முகப்பை நிரப்புவதற்காகக் கட்டங்களை அடுக்காதீர்கள். வலது பக்கம் அழகாக நிற்கிற கட்டம் போனில் எல்லாப் பதிவுக்கும் கீழே போய்விடும், நம் ஆட்கள் பார்ப்பதோ போனில்தான். ஒவ்வொரு கட்டமும் டேட்டாபேஸிடம் தனியாகக் கேள்வி கேட்கும் என்பதால் பல தளங்கள் ஒரே சர்வரைப் பகிர்ந்துகொள்ளும் மலிவான ஷேர்டு ஹோஸ்டிங்கில் முகப்பு திறக்கவே நேரமாகும்.

அனுமதி விஷயத்தில் மட்டும் அசட்டையாக இருக்கவே கூடாது. நிர்வாகிகள் மட்டும் பார்க்கும் பிரிவில் "வசூல் பாக்கி வைத்திருப்பவர்கள்" என்று ஒரு திரி இருக்கிறது என்று வையுங்கள். நன்றாக எழுதப்பட்ட போர்ட்டல் பார்க்கிறவரின் அனுமதியைச் சரிபார்த்த பிறகே தலைப்பைக் காட்டும். மோசமாக எழுதப்பட்டது எல்லாருக்கும் காட்டிவிடும், அல்லது அட்மினுக்காகத் தயாரித்த கட்டத்தை கேஷில் (தற்காலிக நகலாக) வைத்திருந்து அடுத்து வரும் விருந்தினருக்கும் அதையே கொடுத்துவிடும். அந்தத் தலைப்பில் பெயர் இருக்கிற ஒருவர் அதைப் பார்த்தால், தளத்தோடு சேர்த்து ஏரியா உறவும் போகும். அட்மினாக ஒரு பிரவுசரில் முகப்பைத் திறந்துவிட்டு, உடனே இன்காக்னிட்டோ விண்டோவில் லாகின் இல்லாமல் திறந்து பாருங்கள், சாதாரண உறுப்பினர் கணக்கிலும் ஒரு தடவை.

ஃபோரம் மென்பொருளின் அடுத்த பெரிய பதிப்பு வரும்போது என்ன ஆகும் என்று யோசிக்காமல் போடுவதும் நிறைய நடக்கிறது. பிஎச்பிபிபி என்ற ஃபோரம் மென்பொருள் 2014-ல் 3.1-க்கு மாறியபோது, மூலக் கோப்புகளைத் திருத்திப் போட்ட பழைய மாட்கள் (அந்தக் கால ஆட்-ஆன்கள்) எதுவும் அதில் ஓடவில்லை. ஜென்ஃபோரோ 2017-ல் 2.0 ஆனபோது 1-க்கு எழுதிய ஆட்-ஆன்களைத் திரும்ப எழுத வேண்டியிருந்தது. முகப்பு முழுவதும் ஒரே ஆட்-ஆனை நம்பி இருந்து, அதை எழுதியவர் விட்டுவிட்டுப் போய்விட்டால், பாதுகாப்புக் குறை தெரிந்தும் பழைய பதிப்பிலேயே கிடக்க வேண்டியதுதான். கடைசியாக எப்போது அப்டேட் வந்தது, சப்போர்ட் பகுதியில் பதில் வருகிறதா, உங்கள் ஹோஸ்டிங்கில் இருக்கிற பிஎச்பி பதிப்புக்கு ஒத்துவருகிறதா, இந்த மூன்றையும் பாருங்கள். காசு கட்ட வேண்டிய ஆட்-ஆனை உடைத்து இலவசமாகக் கொடுக்கிறார்கள் என்றால் தொடவே தொடாதீர்கள், உள்ளே என்ன சேர்த்திருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது.

ஃபோரம் தனி, வேர்ட்பிரஸ் அல்லது ஜூம்லா போன்ற சிஎம்எஸ் தனி என்று வைத்து, ஒரே கணக்கில் இரண்டிலும் நுழைய நடுவில் லாகின் பாலம் போடுகிற யோசனையும் வரும். முழுநேரமாகப் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால் சரி. இல்லையென்றால் இரண்டில் ஒன்று அப்டேட் ஆகும்போதெல்லாம் பாலம் உடைய வாய்ப்பு இருக்கிறது, உடைந்தால் ஒருவராலும் உள்ளே வர முடியாமல் போகலாம். கட்டுரைதான் பிரதானம், பேச்சு கொஞ்சம்தான் என்றால் வேர்ட்பிரஸ்ஸுக்குள்ளேயே பிபிபிரஸ், ஜூம்லாவுக்குள்ளேயே குனேனா என்ற ஃபோரம் ஆட்-ஆன்களோடு போய்விடலாம், கணக்கு ஒன்றாகவே இருக்கும்.

கடைசியாக, எடுத்தால் என்ன மிஞ்சும் என்பதைப் போடும் முன்னாலேயே பார்த்துவிடுங்கள். போர்ட்டலை எடுத்தால் கட்டங்களின் அமைப்புதான் போகும், பதிவுகள் ஃபோரத்திலேயே இருக்கும். சிஎம்எஸ் ஆட்-ஆனை நீக்கினால் அதன் டேபிள்களும் சேர்ந்து அழியலாம், எழுதின கட்டுரை எல்லாம் அதோடு போய்விடும். பிஎச்பிபிபியில் முடக்குவது வேறு, தரவை அழிப்பது வேறு என்று இரண்டு பொத்தான் இருக்கும். எல்லா மென்பொருளிலும் அப்படிப் பிரித்துக் கேட்பார்கள் என்று நம்பி இருக்காதீர்கள். தளத்தின் நகல் ஒன்றை சப்டொமைனில் (தளத்தின் கிளை முகவரியில்) வைத்து, அதில் ஆட்-ஆனைப் போட்டு, பத்துக் கட்டுரை எழுதி, பிறகு நீக்கிப் பாருங்கள். கட்டுரைகளைத் திரிகளாக மாற்றிக்கொள்ளவோ கோப்பாக வெளியே எடுக்கவோ முடியவில்லை என்றால் அந்த ஆட்-ஆனை நிஜத் தளத்தில் ஏற்ற வேண்டாம்.