லிஃப்ட் போட்டு பெரிய டயர் மாட்டும்போது பண்ணக் கூடாத தப்புகள்

போன வாரம் ஒரு தம்பி வண்டிய கொண்டாந்து நிறுத்தினான். சஸ்பென்ஷன்ல கிட் போட்டு தூக்கின ரெண்டு இன்ச் லிஃப்ட், நாலும் புது டயர், பாக்க நல்லா நிமிந்து நின்னுச்சு. இறங்கினதும் கேட்ட முதல் கேள்வி, "அண்ணா, பள்ளத்துல இறங்கித் திரும்பும்போது எங்கயோ உரசுது, இன்னும் ஒரு இன்ச் தூக்கிட்டா போயிடும்ல?" இதே கேள்விய இதே மாதிரி நானும் ஒரு காலத்துல கேட்டேன், போயிடும்னு ஒருத்தர் சொன்னாரு, நம்பி தூக்கினேன், போகல, அதுக்கப்புறம் செலவான காசு கிட்டுக்கு ஆனத விட அதிகம்.

நட்டு முறுக்க மறக்குறது, டோ (முன்சக்கரம் உள்ளயோ வெளியயோ திரும்பி நிக்கிற அளவு) பாக்காம ஹைவேல ஏர்றது, இதெல்லாம் இங்க எழுதப் போறதில்ல, எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். வேலை சுத்தமா முடிஞ்ச மாதிரியே இருந்து ஆறு மாசம் கழிச்சு கையக் கடிக்கிறது மட்டும்தான் சொல்றேன். அதுவும் தினமும் வேலைக்குப் போயிட்டு வந்து, லீவு நாள்ல மட்டும் காட்டுப் பாதைல இறங்குற வண்டிக்கு.

கிட்ட முதல்ல வாங்கிட்டு டயர அப்புறம் யோசிக்கிறது

வரிசையே தலைகீழ். முதல்ல டயர் சைஸ், அதுக்கு எவ்வளவு இடம் வேணுங்கிற அளவு, அப்புறம்தான் லிஃப்ட். கணக்கு ஈஸி. 265/70 ஆர்17 டயர்னா சைடுவால் (டயரோட பக்கச் சுவர்) உயரம் அகலமான 265ல 70 சதவீதம், அதாவது 185.5 மில்லி, மேலயும் கீழயும் சேத்து 371, நடுவுல 17 இன்ச் ரிம் 431.8, மொத்தம் கிட்டத்தட்ட 803 மில்லி. இதே கணக்க 285/70 ஆர்17க்கு போட்டா 831. விட்டத்துல 28 மில்லி கூடுது, அதுல பாதி 14 மில்லிதான் தரைக்கும் ஆக்ஸில மூடியிருக்க ஹவுசிங்குக்கும் நடுவுல கிடைக்கும். ரெண்டு சக்கரத்தயும் ஒரே ஆக்ஸில் சேர்க்குற முழு ஆக்ஸில் வண்டில, நடுவுல கியர் இருக்க டிஃபரன்ஷியல் குண்ட தரைலேந்து தூக்குறது டயர் மட்டும்தான், லிஃப்ட் கிட் தூக்குறது சேஸிஸயும் பாடியயும். நாலு இன்ச் தூக்கினாலும் பழைய டயரே இருந்தா அந்தக் குண்டு அதே கல்லுலதான் இடிக்கும்.

அதோட டயர் மேல அச்சடிச்ச சைஸ அப்படியே நம்பாதீங்க. ஒரே சைஸ்ல ரெண்டு கம்பெனி டயர பக்கத்துல நிறுத்தினா உயரமும் அகலமும் மாறும், மட் டயர்னா ஷோல்டர்ல இருக்க கட்டைங்க வேற வெளிய நீட்டும். டேப்ப வெச்சு அளந்துடுங்க.

தூக்கிட்டா இடம் கிடைச்சிடும்னு நம்புறது

எனக்கு இன்னிக்கும் எரிச்சல் வர்ற தப்பு இதுதான், ஏன்னா இத பண்றவங்க எல்லாரும் நல்லா யோசிச்சுதான் பண்றாங்க. வண்டி நிக்குது, டயருக்கு மேல நாலு விரல் இடம் இருந்துச்சு, லிஃப்ட் போட்டதும் எட்டு விரல் ஆயிடுச்சு, அப்போ பெரிய டயர் தாராளமா உள்ள போகும்னு தோணுது. தோணத்தான் செய்யும். ஆனா அந்த இடம் வண்டி நிக்கும்போது இருக்க இடம், ஓடும்போது டயர் எங்க வரைக்கும் ஏறும்னு முடிவு பண்றது ஸ்ப்ரிங் இல்ல, பம்ப் ஸ்டாப், அதாவது ஆக்ஸில் மேல ஏறும்போது கடைசில முட்டி நிக்கிற ரப்பர் கட்டை.

ஒரு உதாரணம் சொல்றேன். நிக்கிற நிலைலேந்து ஆக்ஸில் மேல ஏறி பம்ப் ஸ்டாப்ப தொட 80 மில்லி தூரம்னு வெச்சுக்கோங்க. 50 மில்லி லிஃப்ட் போட்டாச்சு, இப்போ அந்த தூரம் 130. ஆனா பம்ப் ஸ்டாப் சேஸிஸ்ல பழைய இடத்துலயேதான் இருக்கு, அதனால ஆக்ஸில் போய் முட்டுற இடமும் பழைய இடமேதான். அங்க இப்போ சுத்து முழுக்க 14 மில்லி பருத்த டயர் போய் நிக்குது. முழுசா அமுங்கின நிலைல லிஃப்ட் போட்டதும் ஒண்ணுதான் போடாததும் ஒண்ணுதான், இன்னும் ஒரு இன்ச் தூக்கினாலும் அதே கதைதான்.

எனக்கு இது புரிஞ்சது ஒரு ராத்திரி. நாலு பேர், பின்னாடி முழுக்க சாமான், இறக்கத்துல ஒரு வளைவு, வளைவு முடியுற இடத்துல ரோடு திடீர்னு குழிஞ்சு போச்சு. டப்புன்னு ஒரு அடி, கூடவே ரப்பர் இரும்புல இழுபடுற சத்தம். இறங்கி டார்ச் அடிச்சேன், ஒண்ணும் தெரியல, காத்தும் இறங்கல, அப்படியே வீடு வந்து சேந்தாச்சு. காலைல ஸ்டியரிங்க முழுசா ஒடிச்சு வெச்சு உள்பக்கம் கைய விட்டுத் தடவினா சைடுவால்ல ஒரு விரல் நீளத்துக்கு வெட்டு, உள்ள நூல் தெரியுது. மட்கார்டு உள்ள ரெண்டு தகடு சேர்ற விளிம்பு இருக்கும்ல, லைனர் பிளாஸ்டிக்குக்குப் பின்னாடி, டயர் அந்த பிளாஸ்டிக்க அமுக்கி அந்த விளிம்புல போய் வெட்டு வாங்கிருக்கு. சைடுவால் வெட்டுக்கு பஞ்சர் ஒட்டுறதுங்கிறதே கிடையாது, டயர் போச்சு. அதோட முடியல, அந்தப் பக்க ஷாக்கோட ராடு லேசா வளைஞ்சு ஆயில் கசிய ஆரம்பிச்சிருந்துச்சு, கீழ மவுண்ட் வெல்டிங்ல முடி மாதிரி ஒரு விரிசல். காரணம் என்னன்னா கிட்டோட வந்த ஷாக் நீளமானது, முழுசா சுருங்கினாலும் பழசவிட நீளம், அதனால ஆக்ஸில் பம்ப் ஸ்டாப்ப தொடுறதுக்கு முன்னாடியே ஷாக்குக்குள்ள இடம் முடிஞ்சுபோச்சு, மொத்த அடியும் ஷாக்லயும் மவுண்ட்லயும் இறங்கிடுச்சு. மாட்டிக் கொடுத்தவர் சமதரைல நிறுத்தி ஸ்டியரிங்க ரெண்டு பக்கமும் ஒடிச்சுக் காட்டி "பாருங்க, எங்கயும் உரசல"ன்னு சொன்னாரு. அது உண்மைதான், சமதரைல உரசல.

சரி, எப்படிப் பாக்கணும். முன்பக்கம் ரெண்டு காயிலயும் கழட்டிடுங்க, ஷாக், பம்ப் ஸ்டாப், டயர் எல்லாம் மாட்டியே இருக்கணும். சேஸிஸ ஸ்டாண்ட்ல உக்கார வெச்சுட்டு ஆக்ஸிலுக்கு ஜாக்கி குடுத்து ஒரு பக்கத்த மட்டும் ஏத்துங்க, காயில் இல்லாததால சுலபமா ஏறும், பம்ப் ஸ்டாப் தொடுற வரைக்கும். ஜாக்கிய மட்டும் நம்பி அடில போகவே போகாதீங்க. தொட்டதும் ஸ்டியரிங்க ஒரு கோடிலேந்து இன்னொரு கோடி வரைக்கும் மெதுவா திருப்புங்க, பாதில நிறுத்தி நிறுத்தி பாருங்க, ஏன்னா சில வண்டில முழுசா ஒடிச்சா தொடாது, முக்கால்வாசில தொடும். உரசும்னு சந்தேகம் வர்ற இடத்துல களிமண் உருண்டை ஒண்ணு ஒட்டி வெச்சு திருப்பிப் பாத்தா எத்தன மில்லி மிச்சம்னு அதுவே காட்டிடும். பம்ப் ஸ்டாப் ரப்பர் ஓட்டத்துல இன்னும் நசுங்கும், அதையும் கணக்குல சேருங்க. அதே நிலைல ஷாக்குல ராடு இன்னும் எவ்வளவு வெளிய தெரியுதுன்னு அளந்து குறிச்சுக்கோங்க, அங்க மிச்சமே இல்லன்னா அந்த ஷாக் அந்த வண்டிக்கு ஆகாது, இல்லன்னா பம்ப் ஸ்டாப்ப இறக்கணும். தனித்தனி ஆர்ம் இருக்க வண்டின்னா காயில் இல்லாத ஷாக்க மாட்டிட்டு கீழ் ஆர்முக்கு ஜாக்கி குடுத்து இதையே பண்ணுங்க.

அரை நாள் வேலை. இத சொன்னாதான் எல்லாரும் முகத்த சுளிக்கிறாங்க, ஆனா அந்த தம்பிகூட ஒரு சனிக்கிழமை உக்காந்து பாத்ததுல உரசுற இடம் வலது பக்க லைனருக்குப் பின்னாடின்னு பத்து நிமிஷத்துல தெரிஞ்சுது, பம்ப் ஸ்டாப்புக்கு 25 மில்லி பேக்கிங் வெச்சோம், லிஃப்ட தொடவே இல்ல, சத்தம் நின்னுபோச்சு. இத பண்ணா மேல ஏர்ற தூரம் கொஞ்சம் குறையும், குறையட்டும், லிஃப்ட் குடுத்த 50ல 25 இன்னும் மிச்சம் இருக்கே.

முடிச்சதுக்கு அப்புறம் ஷாக் ராடுல ஒரு சின்ன ஜிப் டை கட்டி கீழ தள்ளி விடுங்க. வெளிய ராடு தெரியுற ஷாக்கா இருக்கணும், அவ்வளவுதான். ஒரு வாரம் ஓட்டிட்டு வந்து பாத்தா ஷாக் எந்த அளவு வரைக்கும் சுருங்குச்சுன்னு டை நிக்கிற இடம் சொல்லிடும்.

இதே விஷயத்துல இன்னொண்ணு. உரசுறது உள்பக்கம் ஆர்ம்லன்னா ஆஃப்செட் (ரிம்மோட நடுக்கோட்டுலேந்து ஹப்ல உக்கார்ற முகம் தள்ளியிருக்க தூரம்) குறைஞ்ச ரிம் போட்டு டயர வெளிய தள்ளிடலாம்னு சொல்லுவாங்க. தள்ளலாம், ஆனா வெளிய போன டயர் திரும்பும்போது பெரிய வட்டம் அடிக்கும், இப்போ மட்கார்டு பின் மூலைலயோ சேஸிஸ்ல பாடி உக்கார்ற மவுண்ட்லயோ போய் உரசும். எல்லா கோணத்துலயும் பாத்துட்டு ரிம் வாங்குங்க.

ஸ்ட்ரட் மேல ஸ்பேசர் போட்டு தூக்குறது

ஸ்ட்ரட் (காயிலும் ஷாக்கும் சேந்த கட்டு) ஆர்ம்ல நடுவுல உக்கார்ற வண்டில, மேல ஒரு இன்ச் ஸ்பேசர் (இடைல வெக்குற துண்டு) வெச்சா வீல்ல கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு தூக்கும். அதே கணக்குல வீல் பழசவிட கீழயும் தொங்கும், ஆக்ஸில் ஷாஃப்டோட சிவி ஜாயின்ட்டும் (மடங்கினாலும் சுத்துற மூட்டு) பால் ஜாயின்ட்டும் (ஆர்மயும் சக்கரத்தயும் சேர்க்குற உருண்டை மூட்டு) கம்பெனி நினைக்காத கோணத்துக்குப் போகும். இப்படித் தூக்கி தினமும் ஓடுற வண்டில அந்த மூட்ட மூடியிருக்க ரப்பர் பூட் கிழிஞ்சு கிரீஸ் தெறிக்கிறதுக்கு அந்தக் கோணம் ஒரு காரணம்.

வண்டி தொங்கும்போதே புஷ் போல்ட்ட முறுக்குறது

ஆர்ம் முனைல இருக்க ரப்பர் புஷ் சுத்தாது, முறுங்கும், உள் குழாயும் வெளி குழாயும் ரப்பரோட ஒட்டியே இருக்கும். வண்டிய ஸ்டாண்ட்ல தூக்கி வெச்சு ஆர்ம் கீழ தொங்குற நிலைல போல்ட்ட இறுக்கிட்டா அந்தக் கோணம்தான் ரப்பருக்கு ஓய்வு நிலை. அப்புறம் கீழ இறக்கினா நிக்கும்போதே ரப்பர் முறுங்கி நிக்கும், சவாரி கல்லு மாதிரி இருக்கும், கொஞ்ச மாசத்துல புஷ் கிழிஞ்சுடும். எல்லாத்தையும் மாட்டி, தளர்வா விட்டு, நாலு சக்கரத்துல இறக்கி, ரெண்டு ஆட்டு ஆட்டிட்டு அப்புறம் டார்க் ரெஞ்ச்ல இறுக்குங்க. காயில் மட்டும்தான மாத்தினோம்னு விட்டுடாதீங்க, நீங்க கழட்டாத ஆர்ம் போல்ட்டும் பழைய உயரத்துக்கு இறுக்கினது, அதையும் தளர்த்தி புது உயரத்துல இறுக்கணும்.

வராத எடைக்கு ஸ்ப்ரிங் எடுக்குறது

நாளைக்கு வின்ச் போடுவேன், கூரைல டென்ட் போடுவேன்னு கனமான ஸ்ப்ரிங் எடுப்பாங்க. அந்த எடை எப்பவும் வண்டில இருந்தாதான் அந்த ஸ்ப்ரிங் வேலை செய்யும். காலி வண்டில துள்ளும், ஈர ரோட்டுல டயர் தரைய விட்டு விட்டுப் பிடிக்கும். இன்னிக்கு வண்டில என்ன இருக்கோ அதுக்கு எடுங்க.

பிரேக் ஹோஸ்

முழுசா தொங்க விட்டு, ஸ்டியரிங்க ஒடிச்சு, ஹோஸும் ஏபிஎஸ் ஒயரும் இழுபடுதான்னு பாருங்க.

காஸ்டர பாக்காம அலைன்மென்ட் முடிக்கிறது

ரேடியஸ் ஆர்ம் (ஆக்ஸிலயும் சேஸிஸயும் சேர்க்குற நீளக் கை) வெச்ச முன் ஆக்ஸில தூக்கினா ஆக்ஸிலே முன்னாடி உருண்டு காஸ்டர், அதாவது சக்கரம் திரும்புற அச்சு பின்னாடி சாய்ஞ்சிருக்க கோணம், குறையும். திருப்பிட்டு விட்டா ஸ்டியரிங் தானா நடுவுக்கு வராது, வேகத்துல வண்டி அலையும், டயர் மேல பழி போட்டு டயர மாத்தினவங்கள பாத்திருக்கேன். டோ மட்டும் சரி பண்ணி அனுப்பினா ஒத்துக்காதீங்க, காஸ்டர் எத்தன டிகிரின்னு பிரின்ட் கேளுங்க, கம்பெனி சொன்ன அளவுக்கு கீழ இருந்தா காஸ்டர் புஷ் இல்லன்னா திருத்தின ஆர்ம் போடுங்க. பான்ஹார்ட் ராடு (ஆக்ஸில் பக்கவாட்டுல நகராம பிடிக்கிற கம்பி) இருந்தா ஆக்ஸில் ஒரு பக்கமா நகந்திருக்கும், அதையும் அளங்க. ஸ்டியரிங் வீல் கோணலா நின்னா அப்படியே விடாதீங்க, ஈஎஸ்சி (வண்டி சறுக்கினா தானா பிரேக் போட்டு நிலைநிறுத்துற சிஸ்டம்) இருக்க வண்டில அந்தக் கோணத்த சென்சார் நம்பும், நேரா போகும்போதே திரும்புறதா நினைச்சு பிரேக்க தொடும்.

ஹெட்லைட்

இறக்கி செட் பண்ணுங்க, எதிர்ல வர்றவர் கண்ணு கூசுது.

ஸ்பீடோமீட்டரும் கியர் ரேஷியோவும்

மேல சொன்ன 803லேந்து 831க்குப் போனா மீட்டர் பழசவிட கிட்டத்தட்ட 3.4 சதவீதம் குறைச்சுக் காட்டும், ஓடின கிலோமீட்டரும் அதே அளவு குறைச்சலா ஏறும், மைலேஜ் கணக்கு போடும்போது இத சேக்காம "ரொம்ப குடிக்குது"ன்னு பயப்படாதீங்க. சின்ன மாத்தத்துக்கு கியர தொட வேணாம். 31 இன்ச்லேந்து 35 இன்ச்சுக்கு தாவினா கதை வேற, 4.10 ரேஷியோ கிரௌன் பினியன் (டிஃபரன்ஷியல்ல இருக்க கடைசி கியர் ஜோடி) இருந்த வண்டில பழைய இழுவை திரும்ப வரணும்னா 4.63 கிட்ட வேணும். மாத்தாம ஓட்டினா ஆட்டோ கியர்பாக்ஸ் மேட்டுல கியர் மாத்திக்கிட்டே இருக்கும், சூடும் ஏறும். பெரிய டயரோட எடை பிரேக்குக்கும் சுமைதான், முதல் ஒரு வாரம் முன்வண்டிகிட்ட இடைவெளி கூடவே விடுங்க.

ஸ்டெப்னிய பழைய சைஸ்லயே விட்டுடுறது

நாலு வாங்கினா அஞ்சா வாங்குங்க. எப்பவும் நாலு சக்கரமும் இழுக்குற வண்டில ஒரு மூலைல மட்டும் சின்ன டயர் இருந்தா நேரா போகும்போதும் டிஃபரன்ஷியல் சும்மா இருக்காது, லாக் போட்டு ஓட்டினா இன்னும் மோசம். அடில தொங்குற இடத்துல புதுசு நுழையுமான்னு முன்னாடியே பாருங்க. பின்கதவுல மாட்டுற வண்டின்னா கூடுற எடை முழுக்க கீல்லதான் தொங்கும், மாட்டின மறுநாளே கதவ பாதி திறந்து, டயர ரெண்டு கையால புடிச்சு மேலயும் கீழயும் அசைச்சுப் பாருங்க, கீல்ல ஆட்டம் தெரிஞ்சா கதவுத் தகடு விரியுறதுக்கு முன்னாடி தனி கேரியர் போட்டுடுங்க.